ப்ளஸ் அயனி, மைனஸ் அயனி: நீங்க கேட்டதும் என் பதிலும்

கேள்வி: சாப்பாட்டு உப்பு உருவாகும்போது சோடியம் ஒரு எலக்ட்ரானை குளோரினுக்கு கொடுத்து, ரெண்டும் அயனியா, அதாவது சார்ஜ் உள்ள அணுவா மாறுதுன்னு சொன்னீங்க. எலக்ட்ரான் போச்சுன்னா குறையுதுல்ல, அப்ப மைனஸ்தானே போடணும்? சோடியத்துக்கு ஏன் ப்ளஸ்?

பதில்: போனதே மைனஸ் சார்ஜ் உள்ளதுதானே. புரோட்டானையும் சேர்த்து எண்ணுங்க, சோடியத்துல 11 புரோட்டான், 11 எலக்ட்ரான், ஒண்ணு கிளம்பிட்டா 11க்கு 10, ஒரு ப்ளஸ் மிச்சம், அதான் நேர்மின் அயனி. குளோரின்ல 17 புரோட்டான், வந்ததோட சேர்த்து 18 எலக்ட்ரான், அதனால ஒரு மைனஸ் மிச்சம், எதிர்மின் அயனி. எந்த வேதிவினையும் புரோட்டானை தொடாது, தொட்டா தனிமமே மாறிடும். "இழந்தா ப்ளஸ், வாங்கினா மைனஸ்"னு மனப்பாடம் பண்ண வைக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்கல, எண்ணத் தெரிஞ்ச பிள்ளைக்கு அது தேவையே இல்ல.

கேள்வி: சோடியம் இன்னொரு எலக்ட்ரானையும் விடக்கூடாதா?

பதில்: முதல் எலக்ட்ரானை பிடுங்க மோலுக்கு (மோல்ங்கிறது அணுக்களை மொத்தமா எண்ணுற அளவு) சுமார் 496 கிலோஜூல் போதும், ரெண்டாவதுக்கு சுமார் 4,560 வேணும், ஏன்னா அது உள்கூட்டுல, அதாவது எலக்ட்ரான்களோட உள் அடுக்குல, உட்கருவுக்கு கிட்ட இருக்கு. சாதாரண வினைல அவ்ளோ எனர்ஜி கிடைக்காது. மெக்னீசியத்துக்கு வெளிக்கூட்டுலயே ரெண்டு இருக்கு, ரெண்டும் போயிடும்.

கேள்வி: சோடியத்தை தண்ணில போட்டா வெடிக்கும், குளோரின் விஷம், அப்ப உப்பை கரைச்சா மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?

பதில்: நல்லா யோசிச்சு கேட்டிருக்கீங்க, நிறைய பேர் இதை கேட்காமலே பரீட்சை எழுதிடறாங்க. சோடியம் உலோகம் தண்ணில அவ்ளோ ஆட்டம் போடுறது அந்த ஒரு எலக்ட்ரானை தள்ளிவிடத்தான், உப்புல இருக்கிற சோடியம் அதை எப்பவோ தள்ளிட்டு, எதோடயும் வினைபுரியாத நியான் வாயு மாதிரி 10 எலக்ட்ரானோட நிம்மதியா இருக்கு, குளோரினும் தனக்கு வேண்டியதை வாங்கிடுச்சு, அப்புறம் எதுக்கு வெடிக்கணும்? தண்ணி அயனியை புதுசா உண்டாக்கல, ஏற்கனவே இருக்கிறதை பிரிச்சு விடுது, அவ்ளோதான். காய்ஞ்ச உப்புக்கல்லு கரண்டை கடத்தாது, கரைச்சா கடத்தும், காரணம் அயனிகள் இப்ப நகர முடியுது. இந்த விஷயத்தை பத்தி 1884ல ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ரீனியஸ் ஆய்வு எழுதிக் கொடுத்தப்ப உப்சாலா யுனிவர்சிட்டில கம்மி கிரேடுதான் போட்டாங்க, அவருக்கே 1903ல நோபல் பரிசு கிடைச்சது.

கேள்வி: ஒரு நைட்ரஜனும் நாலு ஹைட்ரஜனும் சேர்ந்த அமோனியம் அயனில ப்ளஸ் எந்த அணு மேல?

பதில்: மொத்த கூட்டத்துக்கும் சேர்த்துதான். நைட்ரஜன் 7, நாலு ஹைட்ரஜன் 4, ஆக 11 புரோட்டான், எலக்ட்ரான் 10.

கேள்வி: இரும்புக்கு ரெண்டு ப்ளஸ், மூணு ப்ளஸ் ரெண்டும் எப்படி? எது எதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: இரும்பு ரெண்டு எலக்ட்ரானும் விடும், மூணும் விடும், எனர்ஜி வித்தியாசம் சோடியம் அளவுக்கு பயங்கரமா இல்ல. ஃபெரஸ் சல்ஃபேட்டை (ரெண்டு ப்ளஸ் இரும்பு இருக்கிற உப்பு) புதுசா கரைச்சா வெளிர் பச்சை, டெஸ்ட் ட்யூபை திறந்தே வெச்சா காத்துல இருக்கிற ஆக்சிஜன் மூணாவது எலக்ட்ரானையும் எடுத்துக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா மஞ்சள் பழுப்பாயிடும். சந்தேகமா இருந்தா சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விடுங்க, அழுக்குப் பச்சையா படிஞ்சா ரெண்டு ப்ளஸ், செம்பழுப்பா படிஞ்சா மூணு ப்ளஸ்.