ஆண்டவர்மேல் கோபம் வந்தால் அது பாவமா?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 44. ஏழு மாதங்களுக்கு முன் என் கணவர் இறந்துவிட்டார். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, இரண்டு வருடம் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிவந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். போன வருடப் புத்தாண்டு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் (அந்த வருடத்துக்கென்று எடுத்துக்கொடுக்கிற வேதவசன அட்டை), 'வியாதியை உன்னிலிருந்து விலக்குவேன்' என்று இருந்தது. அழுதுகொண்டே அதைப் பீரோவில் ஒட்டினேன். ஜூன் மாதம் அவர் போய்விட்டார். அடக்கத்துக்கு வந்தவர்கள், 'அழாதே, ஆண்டவர் நன்மைக்குத்தான் செய்வார்' என்றார்கள். ஜெபக்குழுவில் ஒரு அக்கா, 'விசுவாசத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கிறது' என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் கோபம்தான் வருகிறது. கோவிலில் எல்லோரும் பாடும்போது கல்லைப்போல உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் புத்தாண்டுக்குப் போகவே இல்லை. பழைய அட்டையைக் கிழிக்கவும் மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை. பிளஸ் டூ படிக்கும் மகள், 'நாம் ஜெபித்தோமே, ஏன் அப்பாவைக் காப்பாற்றவில்லை?' என்று கேட்கிறாள். நகைக்கடன் வேறு இருக்கிறது. சில நாள் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. நான் விசுவாசத்தை இழந்துவிட்டேனா? கோவிலுக்குப் போவதை நிறுத்திவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த பஸ் பயணத்திலேயே மனம் நின்றுவிட்டது. வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டு வருடம். கணக்குப் போட்டால் 200 தடவைக்கு மேல் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். டயாலிசிஸ் முடிந்து வருகிறவருக்கு நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. அவருக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்து, பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நீங்களாகத்தான் இருக்கும். உங்களிடம் விசுவாசக் குறை என்று சொன்ன அந்த அக்கா இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. நான் போட்டுப் பார்த்தேன். உங்கள் விசுவாசம் அந்த 200 டிக்கெட்டிலும் இருந்தது.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விசுவாசத்தை இழக்கவில்லை. இல்லாத ஒருவர்மேல் யாருக்கும் கோபம் வராது. ஆண்டவர் இருக்கிறார், கேட்டார், கேட்டும் செய்யவில்லை என்று நீங்கள் நம்புவதால்தான் இவ்வளவு வலிக்கிறது. அந்தக் கோபத்தை விழுங்கிக்கொண்டு, 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்று வாயால் மட்டும் சொல்ல முயல்கிறீர்கள். அதனால்தான் ஜெபம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது என்று நினைக்கிறேன். கோபத்தையே ஜெபமாகச் சொல்லுங்கள். அதற்கு வேதத்தில் இடம் இருக்கிறது. ஓரமாக ஒதுக்கிக் கொடுத்த இடமும் இல்லை. வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்கள் 150-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, புலம்பலும் முறையீடும்தான். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்று 13-ஆம் சங்கீதம் கேட்கிறது. அது பணிவான விண்ணப்பமாக எனக்குத் தோன்றவில்லை. வாசலில் நின்று கதவைத் தட்டுகிறவனுடைய குரல் அது.

88-ஆம் சங்கீதத்தைத் தனியாக உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். மற்ற புலம்பல்களில் பெரும்பாலும் எங்கேயாவது ஒரு திருப்பம் வரும். 'ஆனாலும் நான் உம்மைத் துதிப்பேன்' என்று முடிவதற்குள் ஏதாவது ஒரு வெளிச்சம் தெரியும். இதில் அது கிடையாது. இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய், 'எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்' என்று நின்றுவிடுகிறது. அவ்வளவுதான், சங்கீதம் முடிந்தது. இதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஒரு ஆறுதல் வரியைச் சேர்க்கவில்லை, எடுத்து எறியவும் இல்லை. மூன்றாம் நாளைக்குப் பிறகு யாருமே வந்து எட்டிப்பார்க்காத ஒரு வீட்டில், ஒரு பெண் இதை வாசிப்பாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

என் அப்பா இறந்தபோது என் அம்மா ஒரு வருடத்துக்கு மேல் இந்த ஒரே சங்கீதத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். அடையாளத்துக்குப் பழைய பஸ் டிக்கெட் ஒன்றை மடித்து வைத்திருந்தார். மாலையில் விளக்குப் போட்டதும் திண்ணையில் உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்து வாசிப்பார். ஜெபம் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால், 'இதுதான் ஜெபம்' என்று புத்தகத்தைத் தொட்டுக் காட்டுவார். எனக்கு அப்போது புரியவில்லை. அம்மாவுக்குத் தன் சொந்த வார்த்தைகள் தீர்ந்துபோயிருந்தன. அதனால், 2,000 ஆண்டுகளுக்கும் முன்னால் யாரோ அழுது வைத்த வார்த்தைகளைக் கடன் வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் எண்ணெய்க் கறை ஏறி மஞ்சளாக இருக்கும். அந்த வேதாகமம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

'அழாதே' என்றவர்களைப் பற்றி. லாசரு இறந்து நான்கு நாள் கழித்து இயேசு வந்தபோது, எதிர்கொண்டு போன மார்த்தாள் என்ன சொன்னாள் தெரியுமா? 'ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்.' தாமதமாக வந்தீர் என்பதை முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவள் சகோதரி மரியாளும் அதே வார்த்தையைச் சொல்லிக் காலில் விழுந்தாள். இரண்டு பேரையும் அவர் கண்டிக்கவில்லை. இன்னும் சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும், 'இயேசு கண்ணீர் விட்டார்' என்று யோவான் எழுதுகிறார். அவரே அழுத இடத்தில் உங்களை அழாதே என்று சொல்ல யாருக்கு அதிகாரம் இருக்கிறது?

விசுவாசக் குறை என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்குக் கடும் கோபம் உண்டு, மறைக்கவில்லை. பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாய் திறந்து, 'உன்னிடம் ஏதோ குற்றம் இருக்கிறது' என்று ஆரம்பித்த பிறகு எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது, சண்டை போட்ட யோபுவின்மேல் அல்ல. அவருக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்ட அந்தச் சிநேகிதர்கள்மேல். நம் சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தில் சுகம் கிடைத்தவர்கள் மட்டும் எழுந்து நிற்கிறார்கள். சுகம் கிடைக்காதவர்களின் வீட்டார் கைதட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வருடக்கணக்காக இதையே பார்த்துவிட்டு, சுகம் வராத வீட்டில் ஏதோ கோளாறு என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அப்போஸ்தலன் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள், அதாவது உடலை வாட்டிய ஒரு வேதனை, நீங்கவேண்டும் என்று மூன்று தரம் வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை. 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற பதில்தான் வந்தது. உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற டோனாவூரை நினைத்துப் பாருங்கள். 1901 முதல் அங்கே ஆதரவற்ற குழந்தைகளைத் தாயாக நின்று வளர்த்த ஏமி கார்மைக்கேல், 1931-இல் ஒரு குழிக்குள் தவறி விழுந்தார். அதன் பிறகு 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தன் அறையிலேயே படுக்கையில் கிடந்தார். அவர் ஜெபிக்காமலா இருந்திருப்பார்? வளர்ந்த பிள்ளைகள் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? அவர் கல்லறையில் கல்வெட்டு இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியும், அதில் 'அம்மா' என்ற ஒரு சொல்லும்தான். அந்த அம்மாவுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்லத் துணிவார்களா?

அப்படியானால் ஏன் உங்கள் கணவர் பிழைக்கவில்லை? எனக்குத் தெரியாது, சகோதரி. தெரிந்ததுபோல எழுதினால் நானும் யோபுவின் சிநேகிதர்களோடு சேர்ந்துவிடுவேன்.

காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அப்படி நகர முடியாது. எலியா தீர்க்கதரிசி ஒருநாள் சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்றார். அதற்குக் கர்த்தர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. முதலில் தூங்க விட்டார். பிறகு தூதன் தட்டி எழுப்பி, 'எழுந்திருந்து போஜனம்பண்ணு' என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். மறுபடியும் எழுப்பி, இன்னும் சாப்பிடு, போகவேண்டிய தூரம் அதிகம் என்றான் தூதன். எலியாவுக்கு முதலில் வந்த அற்புதம் ஒரு அடை. ஆகவே நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், எழுந்திருக்க முடியாத நாட்கள் கூடிக்கொண்டே போனால், மருத்துவரைப் பாருங்கள். கணவரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போனது விசுவாசக் குறைவு இல்லை என்றால், மனது சோர்ந்ததற்கு மருத்துவரைப் பார்ப்பதும் இல்லை. உயிரோடு இருக்கவேண்டாம் என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப்பார்த்தால், அந்த நிமிடமே பக்கத்தில் யாரையாவது கூப்பிடுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

கோவிலுக்குப் போவதை நிறுத்தவேண்டாம் என்று சொல்வேன். ஆனால் பாடவேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. கடைசி பெஞ்சில் உட்காருங்கள். உடல் விளங்காமல் கிடந்த திமிர்வாதக்காரனை நான்கு பேர் இயேசுவிடம் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே மாற்கு என்ன எழுதுகிறார் என்று கவனியுங்கள்: 'இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு'. சுமந்து வந்தவர்களுடைய விசுவாசத்தைத்தான் முதலில் சொல்கிறார். படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக அங்கே இல்லை. இந்த மாதங்களில் நீங்கள் சுமக்கப்படுகிறவர். மற்றவர்கள் பாடட்டும். கீர்த்தனையின் ஒரு வரி காதில் விழுந்தால் போதும். எதுவும் விழாவிட்டாலும் பரவாயில்லை. வார்த்தை வராதபோது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமருக்கு எழுதின நிருபம் சொல்கிறது. அது நிஜமாகவே பெருமூச்சு விடுகிறவர்களுக்காக எழுதப்பட்டது. அந்த ஜெபக்குழுவுக்கு மட்டும் கொஞ்ச நாள் போகாதீர்கள்.

கடன் விஷயத்தைக் கூச்சப்பட்டு ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். ஆதி சபையில் அன்றாடப் பந்தியில் சில விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் அவர்களைப் பார்த்து விசுவாசத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்த வேலைக்கென்றே ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். பாளையங்கோட்டையில் 1785-இல் எழுந்த முதல் கோவிலைக் கட்டியவர் குளோரிந்தா, அவரும் ஒரு விதவைதான். பாப்பாத்தியம்மாள் கோவில் என்று இன்றும் சொல்கிறார்களே, அதுதான். எனவே தலைகுனிந்து போகவேண்டாம், உங்கள் பங்கைக் கேட்கிறீர்கள் என்று நினைத்துப் போங்கள். உங்கள் சபைப் போதகரான ஐயரையும் ஐயரம்மாவையும் நேரில் பார்த்து, மகளின் கல்லூரிச் செலவுக்கும் கடனுக்கும் சபை என்ன செய்யமுடியும் என்று கேளுங்கள். அரசின் விதவை உதவித்தொகைக்கு நீங்கள் தகுதி பெறுவீர்களா என்று இ-சேவை மையத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ விசாரியுங்கள். இந்த வேலைகளுக்குத் தனியாகப் போகாதீர்கள், நம்பிக்கையான ஒரு தோழியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்த அட்டை. வனாந்தரத்தில் நடந்துகொண்டிருந்த இஸ்ரவேல் ஜனத்துக்கு யாத்திராகமத்தில் சொல்லப்பட்ட வார்த்தை அது. அந்த வருடம் அது உங்கள் கைக்கு வந்ததால் உங்கள் கணவர் பிழைத்தே ஆகவேண்டும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் யாரும் அப்படி விளக்கவில்லை. எடுத்துக்கொடுத்தார்கள், நீங்கள் நம்பினீர்கள். அதில் உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை. கிழிக்கவேண்டாம். பீரோவிலிருந்து மெதுவாக உரித்து எடுத்து, 88-ஆம் சங்கீதம் இருக்கிற பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே புத்தகத்தின் வார்த்தைகள். கொஞ்ச காலம் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருக்கட்டும்.

மகள் மறுபடியும் கேட்பாள். அவளிடம் பதில் தெரிந்ததுபோல நடிக்காதீர்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு நடிப்பு உடனே தெரிந்துவிடும். 'எனக்கும் தெரியவில்லை, கண்ணு. நானும் ஆண்டவரிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு ராத்திரி நாம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்போம்' என்று சொல்லுங்கள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, அவள் அப்பாவுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். அது என்னவென்று எனக்கு எழுதுங்கள்.