பெப்ரவரி நான்கில் பிள்ளைகளிடம் எதைச் சொல்வது?

மதிப்பிற்குரிய ஐயா,

திருகோணமலையில் உள்ள ஒரு பாடசாலையில் வரலாறு கற்பிக்கிறேன். இம்முறை சுதந்திர தின நிகழ்வில் நாட்டின் எதிர்காலம் பற்றி மாணவர்களிடம் பேசுமாறு அதிபர் கேட்டிருக்கிறார். வீட்டில் அப்பாவோ, "எங்களுக்கு அது கரிநாள் பிள்ளை" என்கிறார். நம்பிக்கையூட்டிப் பேசினால் பொய் சொன்னவளாவேனோ என்று அஞ்சுகிறேன். பேசாதிருக்கவும் மனம் வரவில்லை. நான் என்ன சொல்லட்டும்?

க., திருகோணமலை

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் தந்தையார் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1957 பெப்ரவரி 4 அன்று, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து இந்த நகரில் கறுப்புக்கொடி ஏற்ற முயன்ற நடராசன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 ஜனவரி 2 அன்று நம் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களுக்கும் இன்று உங்கள் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வயதில் பெரிய வேறுபாடில்லை. அந்த வழக்கின் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019 இல் விடுவிக்கப்பட்டனர். இவற்றை மறைத்துவிட்டு எதிர்காலத்தைப் பற்றிப் பேச முடியாது, பேசவும் கூடாது.

ஆயினும் நம்பிக்கையைப் பற்றி நீங்கள் பேசத்தான் வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். நான் சொல்லும் நம்பிக்கை, அரசு தானே இயற்றிய சட்டத்தை நிறைவேற்ற வேண்டும் என்று விடாமல் கேட்பதிலிருந்து பிறப்பது. சுதந்திரம் கிடைத்த 1948 ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அந்த அநீதி சட்டத்தளவில் முழுமையாகத் திருத்தப்பட 2003 வரை, அதாவது 55 ஆண்டுகள் ஆயின. இடையில், இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரால் இலட்சக்கணக்கானோர் தாங்கள் பிறந்த மண்ணைவிட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு நேர்ந்த இழப்பை எந்தச் சட்டமும் ஈடுசெய்யவில்லை. ஆனால் எஞ்சியவர்களும் அவர்களது தொழிற்சங்கங்களும் கேட்பதை நிறுத்தியிருந்தால் 2003 இன் சட்டமும் வந்திருக்காது. இந்த இரண்டையும் சேர்த்தே பிள்ளைகள் அறிய வேண்டும்.

நம் ஊரில் கண்ணெதிரே உள்ள எடுத்துக்காட்டு மாகாண சபை. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தால் வந்த அமைப்பு அது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக 2012 இல் தேர்தல் நடந்தது, 2017 இல் அதன் பதவிக்காலம் முடிந்தது. அதே ஆண்டில் பாராளுமன்றம் தேர்தல் முறையை மாற்றியது. புதிய முறைக்குத் தேவையான எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த ஆண்டே அதே பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் இல்லாமல் புதிய முறையும் நிறைவேறாமல் போனதால், மக்கள் தெரிவுசெய்த ஒருவர்கூட இல்லாமல், ஆளுநரின் கீழ் அதிகாரிகளே இந்த நகரிலிருந்து மாகாணத்தை நிர்வகிக்க நேர்ந்தது. இதைத் தமிழரின் குறையாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். மூதூரில் மீன்பிடிக்கும் முஸ்லிம் குடும்பமும் கந்தளாயில் வயல் செய்யும் சிங்களக் குடும்பமும் நம்மைப் போலவே தங்கள் மாகாணப் பாடசாலையையும் வீதியையும் பற்றிக் கேள்வி கேட்க ஒரு பிரதிநிதியை இழந்து நிற்கின்றன. மூன்று சமூகங்களும் ஒரே காரணத்துக்காக ஒரே கோரிக்கையை வைக்கக்கூடிய இடம் இந்த மாவட்டத்தில் இதைப்போல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என் நம்பிக்கையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

தேசிய கீதத்தைப் பற்றியும் மாணவர்கள் கேட்கக்கூடும். 2016 இல் கொழும்பின் சுதந்திர தின நிகழ்வில் அது தமிழிலும் பாடப்பட்டது, 2020 இல் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. ஆட்சியாளரின் மனநிலையைப் பொறுத்துக் கிடைப்பதையும் சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதையும் பிரித்துக் காட்ட இது உதவும்.

மொழி பற்றிய அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழிலேயே கிடைக்கிறது. அதன் 22 ஆம் உறுப்புரையை உயர்தர வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பின், மாகாண சபைத் தேர்தல் எப்போது நடக்கும் என்று கேட்டுத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு அவர்களே தமிழில் ஒரு கடிதம் எழுதட்டும். தமிழில் பதில் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதையும் அந்த உறுப்புரையைக் குறிப்பிட்டே எழுதட்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த பெப்ரவரியில் அதை எடுத்துப் பேசலாம். கொடியேற்றும் வேளையில் நீங்கள் நிற்பதா வேண்டாமா என்பதை உங்கள் மனச்சாட்சிக்கே விடுகிறேன், அதில் எவரும் உங்களுக்குக் கட்டளையிட முடியாது.