டாஞ்சரின் ட்ரீமும் ஒரு பாடகரும்

கேள்வி: ஜெர்மானிய மின்னணு இசைக்குழுவான டாஞ்சரின் ட்ரீம் 1978இல் வெளியிட்ட 'சைக்ளோன்' இசைத்தட்டை, அதன் ரசிகர்களிலேயே பலர் ஒதுக்குவது ஏன்?

பதில்: சொற்களற்ற சின்தசைசர் இசையில் ஊறிய காதுகளுக்கு, எடுத்த எடுப்பிலேயே ஒருவர் பாடியது ஒவ்வவில்லை. 1977இல் பீட்டர் பாமன் விலகியபின், எட்கர் ஃப்ரோசேவும் கிறிஸ்டோபர் ஃப்ராங்கேயும், பாடவும் புல்லாங்குழல் வாசிக்கவும் வல்ல ஸ்டீவ் ஜோலிஃபையும், டிரம்ஸ் கலைஞர் கிளாஸ் க்ரூகரையும் சேர்த்துக்கொண்டனர்.

டிரம்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். சுரவரிசைகளைத் தானாகவே திரும்பத் திரும்ப இசைக்கும் கருவியான சீக்வென்சரின் இம்மியும் பிசகாத ஓட்டத்துக்கு அது சதையும் ரத்தமும் தருகிறது. இடிப்பது குரல்தான்: முதல் பக்கத்தின் இரு பாடல்களிலும் அது நாடகத்தனமாக ஓங்கி, அடியில் நுட்பமாக நகரும் இசையைக் கவனிக்கவிடாமல் செய்கிறது. ஆயினும் தட்டைத் திருப்பிப் போட்டால், அந்தப் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ 20 நிமிடம் ஓடும் 'மாட்ரிகல் மெரிடியன்', பாட்டே இல்லாமல் சீக்வென்சரும் டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்தும் அருமையான படைப்பு. (திட்டியவர்களில் எத்தனை பேர் அதுவரை பொறுத்திருந்தார்களோ!)

1979இல் வந்த 'ஃபோர்ஸ் மஜூர்' தட்டில் க்ரூகர் நீடித்தார். ஜோலிஃபும் இல்லை, பாட்டும் இல்லை.