எட்டு வயது தாமதமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு எட்டு வயது. பாலக்கோட்டில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாகச் செஸ் ஆடுகிறாள். பள்ளியிலும் சுற்றுவட்டாரத்திலும் அவளை ஜெயிக்க ஆளில்லை. ஆனால் மாவட்டத் தேர்வில் ஆறு ரவுண்டில் மூன்று பாயிண்ட்தான் கிடைத்தது. பிரக்ஞானந்தாவும் குகேஷும் இந்த வயதில் எங்கேயோ போய்விட்டார்கள் என்கிறார்கள். நாங்கள் தாமதித்துவிட்டோமா? சென்னைக்குக் குடிபோக வேண்டுமா? தினமும் செல்போனில் முப்பது நாற்பது ஆட்டம் ஆடுகிறாள், ஆன்லைன் ரேட்டிங்கும் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) ஏறுகிறது. அது போதாதா?

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

தாமதமாகவில்லை. குகேஷ் செஸ் கற்றுக்கொண்டதே ஏழு வயதில்தான். 2019 ஜனவரியில் செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவருக்கு 12 வயது 7 மாதம். உலகிலேயே மிக இளம் வயது என்ற கர்யாகினின் 2002ஆம் ஆண்டுச் சாதனையை 17 நாளில் தவறவிட்டார். பிரக்ஞானந்தா 2013இல் எட்டு வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டத்தையும் 2015இல் பத்து வயதுக்குட்பட்டோர் பட்டத்தையும் வென்றார். 2016இல் அதற்கு முந்தைய படியான இன்டர்நேஷனல் மாஸ்டர், 2018இல் கிராண்ட்மாஸ்டர். இந்த வருடங்களை வைத்து உங்கள் மகளை அளக்க வேண்டாம். அளந்தே ஆக வேண்டுமென்றால் அதே வீட்டிலிருந்து இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலி, தம்பிக்கு முன்பே ஆட வந்தவர். இருவருக்கும் பயிற்சி தந்து வளர்த்தவர் ஆர்.பி.ரமேஷ்தான். தம்பி 12 வயதில் எட்டிய கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான 2500 ரேட்டிங்கை வைஷாலி 22 வயதில், 2023இல்தான் தொட்டார். அதே வருடம் பெண்கள் கிராண்ட் ஸ்விஸ் போட்டியை வென்று உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்வு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டிக்கும் போனார். யாரும் அவரைத் தாமதமானவர் என்று சொல்வதில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அந்த முப்பது நாற்பது ஆட்டம்தான். மூன்று நிமிட ஆட்டத்தில் ஒரு நகர்த்தலுக்குச் சில நொடிகள்தான். குழந்தை முதலில் கண்ணில் படும் காயை நகர்த்தப் பழகிவிடுகிறது. எதிரில் இருப்பவரும் அப்படியே ஆடுவதால் தவறுகள் தப்பிவிடும், ரேட்டிங்கும் ஏறும். தேர்வுப் போட்டியில் எதிராளி நிதானமாக யோசித்து அதே தவறைப் பிடிக்கிறார். தோற்ற ஆட்டங்களின் ஸ்கோர்ஷீட் (நகர்த்தல்களை எழுதும் தாள்) கையில் இருக்கிறதா? இருந்தால், ஆட்டம் முடிந்தபோது கடிகாரத்தில் அவளுக்கு எவ்வளவு நேரம் மிச்சமிருந்தது என்று கேளுங்கள். பாதிக்கு மேல் மிச்சம் என்றால் காரணம் அந்த அவசரம்தான்.

செல்போன் ஆட்டத்தை வார இறுதியில் ஐந்தாறு என்று குறைத்துவிடுங்கள். பதிலுக்கு வாரம் இரண்டு நீண்ட ஆட்டம்: ஆளுக்கு ஒரு மணி நேரம், நகர்த்தலுக்கு 30 நொடி கூடுதல், ஒவ்வொரு நகர்த்தலையும் குறிக்கும் நோட்டேஷன் எழுதியே ஆக வேண்டும். போர்டும் சரியான அளவில் இருக்கட்டும். ராஜா சுமார் 9.5 செ.மீ. உயரம், கட்டம் 5 முதல் 6 செ.மீ. திரையில் மேலிருந்து பார்த்தே பழகிய பிள்ளைகள், உண்மையான போர்டில் தூரத்து மூலையிலிருந்து குறுக்கே வரும் மந்திரியைத் தவறவிடுவார்கள். சம பலமுள்ள ஆள் பாலக்கோட்டில் கிடைக்காவிட்டால், தர்மபுரியிலோ ஓசூரிலோ அவளைவிடச் சற்றுப் பெரிய பிள்ளையைத் தேடிப் பிடியுங்கள். நான்கு ஆட்டத்தில் ஒன்றை அவள் ஜெயிக்க முடிகிற எதிராளி நல்ல எதிராளி.

ஆட்டம் முடிந்த அன்றே என்ஜினை (ஆட்டத்தை அலசும் கணினி நிரல்) திறக்காதீர்கள். தவறு எங்கே என்று என்ஜின் சொல்லிவிடும், ஏன் வந்தது என்று சொல்லாது. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் குகேஷ் 2500 ரேட்டிங்கை நெருங்கும் வரை என்ஜின் இல்லாமல்தான் பயின்றார். எட்டு வயதுக்கு அது இன்னும் பொருந்தும். ஸ்கோர்ஷீட்டை வைத்துக்கொண்டு அவளே ஆட்டத்தை மறுபடி நகர்த்திப் பார்க்கட்டும். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணம் எழுதச் சொல்லுங்கள்: எதிராளியின் மிரட்டலைப் பார்க்கவேயில்லை, பார்த்தேன் ஆனால் கணக்குத் தப்பியது, இந்த நிலை எனக்குத் தெரியாது, அவசரம். இருபது ஆட்டத்துக்குப் பின் எந்தக் காரணம் அதிகம் என்று பாருங்கள். கணக்குத் தப்புகிறவளுக்குப் புதிர்ப் பயிற்சி தேவை. காயைத் தொடாமல், எதிராளியின் சிறந்த பதிலையும் சேர்த்து முழு வரிசையையும் எழுதிவிட்டுத்தான் விடையைப் பார்க்க வேண்டும். தினம் ஆறு புதிர் போதும். மிரட்டலைப் பார்க்காதவளுக்கு வேறு மருந்து: எதிராளி நகர்த்தியதும் 'இப்போது எதைத் தாக்குகிறான்?' என்று கேட்டுக்கொண்ட பிறகே தன் நகர்த்தலை யோசிக்க வேண்டும்.

ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) மனப்பாடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். பன்னிரண்டு நகர்த்தல் ஒப்பிக்கிற பிள்ளை பதின்மூன்றாவதில் திகைக்கும். அந்த நேரம், சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டமான எண்ட்கேமுக்குப் போகட்டும். இந்த ஒரு நிலையைப் போர்டில் வைத்துக் காட்டுங்கள்: வெள்ளைச் சிப்பாய் இ6, வெள்ளை ராஜா டி6, கறுப்பு ராஜா இ8. வெள்ளையின் முறை என்றால் சிப்பாய் இ7. கறுப்பு ராஜாவுக்கு எஃப்7 தவிர வழியில்லை. வெள்ளை ராஜா டி7க்கு வர, சிப்பாய் ராணியாகிறது. அதே நிலையில் கறுப்பின் முறை என்றால் ராஜா டி8. இப்போது சிப்பாய் இ7க்குப் போய்ச் செக் வைத்தால் கறுப்பு ராஜா இ8. வெள்ளை ராஜா இ6க்கு வந்தால் ஸ்டேல்மேட் (செக் இல்லை, நகர்த்தவும் வழியில்லை, ஆட்டம் டிரா), வராவிட்டால் சிப்பாய் போய்விடும். ஒரு காய்கூட இடம் மாறவில்லை, முறை மட்டும்தான் மாறியது. இதை அவளே கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனாலும் பொறுத்திருங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடச் சொல்லுங்கள். ராஜா சிப்பாய் நிலைகள் கைவந்த பிறகு யானை எண்ட்கேம்.

போட்டி அறையில் விதி தெரியாமல் போகும் பாயிண்ட்களும் உண்டு. கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டத்தில் முதல் தவறான நகர்த்தலுக்கு எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், இரண்டாவதில் ஆட்டமே போய்விடும். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனதும் ராணியை வைக்காமல் கடிகாரத்தை அழுத்தினால் அதுவும் தவறான நகர்த்தல்தான். ராணி கிடைக்கவில்லையென்று யானையைத் தலைகீழாக வைக்கும் பழக்கம் நம் பள்ளிகளில் இருக்கிறது. விதிப்படி அது யானையே. கடிகாரத்தை நிறுத்திவிட்டு ஆர்பிட்டரிடம் (நடுவர்) ராணி கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்று சொல்லிக்கொடுங்கள். ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்தும் கேஸ்லிங்கில் முதலில் தொட வேண்டியது ராஜா, அதுவும் ஒரே கையால். டிரா கேட்பதென்றால் காயை நகர்த்திவிட்டுக் கேட்டு, அதன் பிறகு கடிகாரம்.

ரேட்டிங் பற்றி. ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் இப்போது 1400க்குக் கீழே இல்லை. முதல் ரேட்டிங் வர, ரேட்டிங் உள்ள ஐந்து பேருடனாவது ஆடியிருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டு 2300க்குக் கீழே இருப்பவருக்குக் கெழு (ரேட்டிங் எவ்வளவு வேகமாக மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 40. அதாவது 1500 உள்ள குழந்தை 1700 உள்ளவரை ஜெயித்தால் சுமார் 30 ஏறும், தோற்றால் சுமார் 10 இறங்கும். ஒன்பது ரவுண்டில் நூறு ஏறுவதும் இறங்குவதும் சாதாரணம். ஒவ்வொரு போட்டிக்கும் அந்த எண்ணைப் பார்த்து வீட்டில் முகம் சுருங்கினால், தன்னைவிடப் பெரியவர்களோடு ஆடவே குழந்தை பயந்துவிடும். அப்படி ஆடுவதைத் தவிர்க்கும் குடும்பங்கள் உண்டு. பாவம், நஷ்டம் பிள்ளைக்குத்தான். பெண்கள் பிரிவில் மட்டும் நிறுத்திக்கொள்ளாமல் எல்லோரும் சேர்ந்து ஆடும் ஓப்பன் பிரிவிலும் அவளை ஆடவிடுங்கள்.

குடிபெயர இப்போது தேவையே இல்லை. ரயிலில் ஒரு பக்கம் சேலம், மறுபக்கம் ஓசூர், பெங்களூரு. இரண்டு திசையிலும் ரேட்டிங் போட்டிகள் நடக்கின்றன. வருடத்துக்கு நான்கு போட்டி, நடுவே அந்த ஆட்டங்களைப் பிரித்துப் பார்க்க இரண்டு மூன்று மாதம். பெரிய செலவு பிற்பாடுதான் வரும். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2500 ரேட்டிங்கோடு, குறைந்தது 27 ஆட்டங்களை உள்ளடக்கிய நார்ம்களும் (பெரிய போட்டிகளில் நிர்ணயித்த தரத்தில் ஆடியதற்கான அங்கீகாரம்) தேவை. அதற்காக வெளிநாடு போக நேரும். குகேஷின் தந்தை அதற்காக மருத்துவத் தொழிலையே நிறுத்தினார். அவள் ரேட்டிங் 2000ஐத் தாண்டும்வரை அந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை.

கோச்சைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றே ஒன்று பாருங்கள்: அவள் தோற்ற ஆட்டத்தைக் கொடுத்துவிட்டு அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். உடனே சரியான நகர்த்தலைக் காட்டுகிறவர் வேண்டாம். 'இந்த இடத்தில் நீ என்ன நினைத்தாய்?' என்று அவளிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவரை, ஆன்லைன் வகுப்பானாலும், வாரம் ஒரு மணி நேரம் என்று பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாவட்டத் தேர்வுக்கு முன் நீண்ட ஆட்டம் இருபதாவது முடிந்திருக்கட்டும். அந்த ஸ்கோர்ஷீட்களில் சிலவற்றை எனக்கு அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்