பக்கத்து வகுப்புக்கு வந்த புதியவர்

கேள்வி: 19 ஆண்டுகளாகக் கணித ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் ஒரே ஆண்டில் இரண்டு ஆசிரியர்கள் விலகிவிட்டார்கள். ஆள் கிடைக்காததால் தகுதி விதியைத் தளர்த்தி, பட்டம் இருந்தால் போதும், ஆசிரியப் பயிற்சியைப் பிறகு முடிக்கலாம் என்றார்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்த இயற்பியல் பட்டதாரி ஒருவர் இப்போது ஏழாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறார். "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தலைமை ஆசிரியர் அவரை என் தலையில் கட்டிவிட்டார். சக ஆசிரியர்கள் அவரோடு பேசுவதே இல்லை. நானும் ஒதுங்கிக்கொள்ளட்டுமா? அப்படியானால் நான் படித்த படிப்புக்கு என்னதான் மதிப்பு?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதை அந்த இளைஞர் மேல் காட்டாதீர்கள். விதியைத் தளர்த்தியது அவர் அல்லவே. கதவு திறந்திருந்தது, உள்ளே வந்தார்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பிள்ளை 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிக் கொண்டுவருகிறது. இயற்பியல் படித்தவருக்கு அது தவறு என்று நொடியில் தெரிந்துவிடும். சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் 5/6, அவ்வளவுதான். நீங்களோ, பிள்ளை மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறது என்று பார்த்தவுடன் பிடித்துவிடுவீர்கள். "பாதித் தாளோடு இன்னொரு துண்டு சேர்த்தால், பாதியைவிடக் குறைந்துபோகுமா?" என்று கேட்பீர்கள். பிள்ளை தன் விடையைத் தானே சந்தேகப்படத் தொடங்கும். வெறும் கணித அறிவால் இது வராது, வகுப்பை அடக்கி ஆளும் திறமையாலும் வராது. அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் இதைத் தனியொரு வகை அறிவாகவே பிரித்துக் காட்டினார். உங்கள் படிப்பின் மதிப்பு இதுதான். சான்றிதழ் அதற்கு வெறும் அடையாளம், சில சமயம் பொய் அடையாளமும்கூட. கையில் சான்றிதழ் இருந்தும் பணிக்காலம் முழுவதும் கரும்பலகையோடு மட்டுமே பேசிவிட்டு ஓய்வு பெற்றவர்களை நாம் இருவருமே பார்த்திருக்கிறோம்.

இது உங்கள் பள்ளியில் மட்டும் நடக்கும் கூத்தும் அல்ல. 2030-க்குள் உலகத்துக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்கிறது யுனெஸ்கோ. அதில் பாதிக்கு மேல், இருப்பவர்கள் விட்டுப்போவதால் காலியாகும் இடங்கள். முன்வாசலை அகலப்படுத்துகிறவர்கள் பின்வாசல் வழியாக யார் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று பார்ப்பதில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2022-இல் முன்னாள் ராணுவத்தினர் பட்டம் முடிக்கும் முன்பே பாடம் நடத்த வழிசெய்தது. இங்கிலாந்து 2012-இல், அரசு நிதியில் தன்னாட்சியாக நடக்கும் அகாடமி பள்ளிகள் ஆசிரியத் தகுதி பெறாதவர்களையும் நியமிக்கலாம் என்று விலக்குத் தந்தது.

எனக்கு உறுத்துவது கலிபோர்னியாவின் கதை. 1996-இல் நல்ல எண்ணத்தோடுதான் தொடக்க வகுப்புகளில் பிள்ளைகளின் எண்ணிக்கையை 20 ஆகக் குறைக்க முனைந்தார்கள். அதற்குத் திடீரென்று ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேண்டியிருந்தது. வசதியான பகுதிகளில் புதிய இடங்கள் திறந்ததும் அனுபவசாலிகள் அங்கே போனார்கள். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் பயிற்சி இல்லாதவர்கள் குவிந்தார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போங்கள். "பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது பொறுப்பு அல்ல, ஓசி வேலை. வாரத்தில் இரண்டு பாடவேளையாவது உங்கள் அட்டவணையிலும் அவருடையதிலும் குறைய வேண்டும் என்று கேளுங்கள். யாரும் வேண்டாம் என்று தள்ளும் பிரிவைப் புதியவரிடம் கொடுப்பது பள்ளிகளின் பழைய வழக்கம். கணக்கில் தடுமாறும் பிள்ளைகள் அதிகமுள்ள பிரிவை நீங்கள் எடுத்துக்கொண்டு, உங்களுடைய பிரிவு ஒன்றை அவருக்குக் கொடுங்கள். அவர் எப்போது பயிற்சியை முடிக்க வேண்டும் என்ற கெடுவையும் எழுத்தில் வாங்குங்கள். 'தற்காலிகம்' என்ற சொல்லை நான் நம்புவதில்லை. இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தபோது, தகுதி பெறாத ஆசிரியர்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தது. 2015-இல் கெடு முடிந்தது. 2017-இல் சட்டத்தைத் திருத்தி 2019 மார்ச் வரை நீட்டினார்கள். 2010-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட எட்டு வகுப்புகளையும் தாண்டிவிட்டது.

பேசாதவர்கள் அணியில் மட்டும் சேராதீர்கள். தனியாக விடப்பட்டவர் ஆண்டு முடிவதற்குள் போய்விடுவார், அதே வகுப்புக்கு இன்னொரு புதியவர் வருவார். கல்லூரி முடித்த சூட்டோடு, பயிற்சி எதுவும் இல்லாமல் நானும் ஒரு பருவம் வகுப்பெடுத்திருக்கிறேன். மூன்றாம் வாரமே தொண்டை கட்டிக்கொண்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியை ஒருநாள் வாசலில் நின்று, "நீ குரலைத் தாழ்த்தினால் அவர்களும் தாழ்த்துவார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பருவத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி அதுதான்.

இந்த வாரம் அவரை உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். அவர் வகுப்புக்கு நீங்கள் போவது பிறகு இருக்கட்டும். ஏழாம் வகுப்பு விடைத்தாள்களில் பத்து எடுத்துவரச் சொல்லுங்கள். தவறான விடைகளை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பிள்ளை எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்று முதலில் அவரே சொல்லட்டும். ஓடும் இயந்திரம் ஏன் நின்றது என்று தேடிப் பழகியவர் அவர், உங்களுக்குத் தோன்றாத வழி ஒன்றை அவர் காட்டினாலும் காட்டுவார்.