வாடிய தக்காளிக்கு மருந்து வாங்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பூக்கிற நேரத்தில் செடிகள் ஒவ்வொன்றாக வாடுகின்றன. கடையில் கொடுத்த பூஞ்சாணக் கொல்லியை இரண்டு தடவை வேரில் ஊற்றியும் நிற்கவில்லை. மருந்து போலியா?

பதில்: முதலில் நோய் எதுவென்று பாருங்கள். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாய் தெளிந்த தண்ணீரில் படும்படி கண்ணாடித் தம்ளரில் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். கார்பெண்டசிம் போன்ற பூஞ்சாணக் கொல்லியைக் குடம் குடமாக ஊற்றினாலும் கேட்காது. இழை இறங்கவில்லை, தண்டைப் பிளந்தால் பட்டைக்கு அடியில் பழுப்புக் கோடு ஓடுகிறது, கீழ் இலைகள் ஒரு பக்கமாக மஞ்சளாகின என்றால் பெரும்பாலும் ஃபியூசேரியம் பூஞ்சாணம். அப்போதும், தண்டுக்குள் நீர் ஏறும் குழாய் அடைபட்ட செடியை எந்த மருந்தும் மீட்காது. வேரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோங்கள். செடியைப் பார்க்காமலே புட்டியை எடுத்து நீட்டிய கடைக்காரர் மேல்தான் எனக்குக் கோபம்.

கேள்வி: 'எஃப்1' விதை வாங்கினேன். எஃப் என்றால் ஃபியூசேரியத்தைத் தாங்கும் என்று கடையில் சொன்னார்கள். பாதி வயல் போய்விட்டது.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். எஃப்1 என்றால் முதல் தலைமுறைக் கலப்பின விதை, அவ்வளவுதான். நோய் தாங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எனக்கு நெடுநாளாக ஆறாத விஷயம் இது. பையின் முகப்பில் 'நோய் எதிர்ப்புத் திறன் கொண்டது' என்று பெரிதாக அச்சடிக்கிறார்கள். எந்த நோய்? வாய் திறப்பதில்லை. தக்காளியைத் தாக்கும் ஃபியூசேரியத்தில் 1, 2, 3 என மூன்று இனங்கள் உண்டு. முதல் இரண்டைத் தாங்கும் ரகம் மூன்றாவதிடம் விழுந்துவிடும். ஒழுங்காக விற்கிறவர்கள் நோயின் குறியீட்டையும் இனத்தின் எண்ணையும் போடுவார்கள். 'எச்.ஆர்' என்றால் உயர் எதிர்ப்பு, 'ஐ.ஆர்' என்றால் நடுத்தர எதிர்ப்பு என்றும் பிரித்துக் காட்டுவார்கள். நடுத்தரத்தை முழுப் பாதுகாப்பு என்று விற்பதும் நடக்கிறது. எந்த நோய், எந்த இனம், எவ்வளவு எதிர்ப்பு என்று கேளுங்கள். பதிலை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள்.

காலிப் பை, மிச்ச விதை, லாட் எண், பில் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். செடிகளைப் பிடுங்கும் முன் படமெடுத்து, கடைக்கும் விதை நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

கேள்வி: டிரைக்கோடெர்மாவையும் கார்பெண்டசிம்மையும் ஒன்றாகக் கலந்து விட்டால் வேலை சீக்கிரம் முடியுமா?

பதில்: முடியும், டிரைக்கோடெர்மாவின் கதை. நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம் அது. ஆனாலும் அதுவும் பூஞ்சாணம்தான், கார்பெண்டசிம் அதையும் கொல்லும். லேபிளைப் படிக்காமல் கலக்காதீர்கள்.

கேள்வி: டிரைக்கோடெர்மா வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அது உயிருள்ள பொருள். தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, ஒரு கிராமில் எத்தனை உயிரணுக்கள் என்ற கணக்கு மூன்றும் பையில் இருக்க வேண்டும். நான் ஒருமுறை வாங்கிய பையில் தேதி மேல் இன்னொரு ஸ்டிக்கர். நகத்தால் உரித்தால், அடியில் முடிந்துபோன தேதி! திருப்பிக் கொடுக்கப் போனபோது, 'தூள்தானே, கெட்டா போகும்?' என்றார் கடைக்காரர். கெட்டுத்தான் போகும். வெயில் விழுகிற அலமாரியில் கிடந்தால் தேதிக்கு முன்பே போகும். நல்ல பை கிடைத்தால் மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் காயாமல் வைத்திருந்து, நடவுக்கு முன் மண்ணில் இடுங்கள். வாடிய செடிக்கு ஊற்றுவதற்கல்ல அது.

கேள்வி: நாற்றுப் பண்ணையில் வாங்கிய நாற்று நட்ட சில வாரத்தில் சாய்கிறது. உங்கள் மண்தான் காரணம் என்கிறார்கள். கடன் வாங்கிச் செய்த நடவு.

பதில்: மனம் கனக்கிறது. நடாமல் தட்டிலேயே மிச்சம் இருக்கும் நாற்றுகளை எறிந்துவிடாதீர்கள். உங்கள் மண்ணைத் தொடாத அந்த நாற்றின் தண்டிலும் பழுப்புக் கோடு இருந்தால், நோய் பண்ணையிலிருந்தே வந்தது என்று சொல்ல வலுவான ஆதாரம் உங்கள் கையில். பண்ணைக்காரரை வரவழைத்து அவர் முன்னாலேயே வெட்டிக் காட்டுங்கள். கூடவே சில நாற்றுகளைத் தட்டோடு பயிர்நோய் ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை, நடவுச் செலவுக் கணக்கைத் தனியாக எழுதி வையுங்கள். நாற்றின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நோய் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்றும் வாடுமா?

பதில்: ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்குள் போகும்படி நட்டால் வாடும். மேல்தண்டு தானே வேர்விட்டு நோயை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: வெயிலில் மண்ணைச் சூடேற்றி நோய்க்கிருமியைக் கொல்லக் கறுப்பு பாலித்தீன் விரிப்பு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நிறமில்லாத, ஒளி ஊடுருவும் மெல்லிய விரிப்பு வாங்குங்கள். மண்ணை நன்றாக நனைத்து, விரிப்பின் ஓரங்களை மண்ணால் மூடி, கடும் வெயிலில் 4 முதல் 6 வாரம் விடுங்கள்.