முன் டயரை அகலமாக்கத் தவணை எடுக்கலாமா?

கேள்வி: பண்ணை வேலைக்கு ஒரு யூடிவி (சாமான் ஏற்றி, கரடுமுரடான நிலத்திலும் ஓட்டும் சிறு நான்கு சக்கர வண்டி) வைத்திருக்கிறேன். முன் டயர் 26×9-12 (விட்டம் 26, அகலம் 9, ரிம் 12 அங்குலம்), பின் டயர் 26×11-12. மணலில் முன்பக்கம் புதைகிறது. முன்னாலும் 11 அங்குல அகல டயர் போட்டால் சரியாகும் என்கிறார்கள். இருக்கிற டயர் பாதிதான் தேய்ந்திருக்கிறது. ரிம்மோடு சேர்த்துத் தவணையில் வாங்கலாமா, அவசரச் சேமிப்பிலிருந்து எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பாதித் தேய்மானத்தில் கழற்றினால், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய மீதி ஆயுளை வீணாக்குகிறீர்கள்.

முதலில் டயர் ஆறியிருக்கும்போது காற்றைச் சரிபாருங்கள். கையேட்டில் உள்ள அளவுக்கு மேல் இருந்தால் குறையுங்கள். டயர் தரையில் படும் பரப்பு கூடும், புதைவது குறையும். இதற்குச் செலவே இல்லை.

அடுத்து, கடைக்காரர் சொல்லும் விலையோடு செலவு முடிவதில்லை. 9 அங்குல டயருக்கான ரிம் 11 அங்குலத்துக்குக் குறுகலாக இருக்கலாம், அதனால்தான் ரிம்மும் சேர்கிறது. புது ரிம் டயரை வெளியே தள்ளி நிறுத்தினால் வீல் பேரிங், பால் ஜாயின்ட், டை ராடு என்று சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகங்கள் எல்லாவற்றிலும் சுமை ஏறும். உள்ளே தள்ளினாலோ, ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது சஸ்பென்ஷனில் உரசும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி என்றால் கையும் வலிக்கும். இந்த மாற்றத்தால் வந்த பழுது என்று சொல்லி வாரண்டியை மறுக்கவும் இடமுண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு மாற்றுங்கள்.

ஆனால் இதில் உண்மையான ஒரு லாபமும் இருக்கிறது. நான்கும் ஒரே அளவானால் ஒரே ஸ்டெப்னி எல்லாப் பக்கத்துக்கும் பொருந்தும். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுச் சீராகத் தேய விடலாம். அதனால் யோசனையைக் கைவிடச் சொல்லவில்லை, முன் டயர் தேய்ந்து தீரும்வரை தள்ளிப்போடச் சொல்கிறேன். டயர், ரிம், பொருத்தும் கூலி, வீல் அலைன்மென்ட் எல்லாம் கூட்டி, மீதமுள்ள மாதங்களால் வகுத்து, அந்தத் தொகையைத் தனியாகப் போட்டு வாருங்கள். வட்டியே இல்லாமல் வாங்கிவிடலாம்.

அப்போதும் அந்த 26 அங்குல விட்டம் மட்டும் மாறக்கூடாது. நான்கு சக்கர இழுவையில் முன்பின் விட்டம் வேறுபட்டால் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்து, சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியலும் அடிவாங்கும். அந்தப் பழுதுச் செலவோடு ஒப்பிட்டால் டயர் விலை ஒன்றுமில்லை. டயரில் ஒரே அளவு அச்சிட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி உண்மை விட்டம் கொஞ்சம் வேறுபடும், பின்னால் உள்ள அதே மாடலைக் கேளுங்கள். 10 அங்குல அகல டயர் உங்கள் பழைய ரிம்மிலேயே உட்காருமா என்றும் விசாரியுங்கள். உட்கார்ந்தால் ரிம் செலவு மிச்சம், ஆனால் அந்தப் பொது ஸ்டெப்னி வசதி கிடைக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. புதைந்த வண்டியை இழுக்க டிராக்டர் வாடகை, வீணாகும் கூலி இவற்றை ஒரு பருவம் முழுக்க எழுதிவையுங்கள். அது டயர் செலவைத் தாண்டினால் தேயும்வரை காத்திருக்க வேண்டாம். அப்போதும் வண்டிப் பராமரிப்புக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து எடுங்கள். பழைய ரிம்மையும் டயரையும் வைத்திருங்கள், வண்டியை விற்கும்போது பழையபடி மாட்டிக் கொடுக்கலாம்.